ஆப்பிரிக்க அடிமை வணிகத்தின் பழம்பொருள்கள்: இனம் காண்பதும் காப்பதும் எப்படி?

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவிலோ மதுரையில் ஒரு பழைய பித்தளைக் கடையிலோ பச்சைக் களிம்பேறிய ஒரு வளையத்தை எடுத்து நீட்டி, "இது ஆப்பிரிக்காவில் அடிமை வாங்கக் கொடுத்த வளையல் சார்" என்று ஒருவர் சொன்னால், விலையைக் கேட்பதற்கு முன், அது யாரிடமிருந்து, எந்த ஊரிலிருந்து, எப்போது அவர் கைக்கு வந்தது என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்குத் தெளிவான விடை கிடைக்காத பொருள் எவ்வளவு பழையதாகத் தோன்றினாலும் அது வரலாற்றுச் சான்று ஆகாது. அடிமை வணிகப் பொருள் என்ற பெயரில் இன்று உலகச் சந்தையில் விற்கப்படுபவற்றுள் பிற்காலத்துப் பொருள்களும் போலிகளும் மிகுதி. உண்மையானவையோ பெரும்பாலும் பார்வைக்கு மிக எளியவை: ஒரு சோழி, ஒரு கண்ணாடி மணி, ஒரு நீலத் துணித்துண்டு.

16ஆம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் 1860கள் வரை ஏறத்தாழ ஒன்றேகால் கோடி ஆப்பிரிக்கர்கள் அட்லாண்டிக் கடலைக் கடக்கக் கப்பலேற்றப்பட்டனர் என்றும், அவர்களுள் ஏறத்தாழ 1 கோடியே 7 லட்சம் பேரே அமெரிக்கக் கண்டங்களிலும் கரீபியத் தீவுகளிலும் உயிரோடு கரையிறங்கினர் என்றும் ஆய்வாளர்கள் கணக்கிட்டுள்ளனர். எஞ்சிய லட்சக்கணக்கானோர் கடலில் மாண்டனர். இத்தனை பேருடைய வாழ்வுக்குச் சாட்சியாக நிற்கும் பொருளைப் பற்றி உறுதியில்லாத ஒரு கதையைச் சொல்லி விற்பதும், அதை நம்பி வாங்கிக் கூடத்தில் மாட்டுவதும் அவர்களுக்கு இழைக்கும் இன்னொரு அநீதி என்று நான் கருதுகிறேன். பழம்பொருள் சேகரிப்போர், பள்ளி, கல்லூரிகளில் சிறு காட்சியகம் அமைக்க எண்ணும் ஆசிரியர்கள், முன்னோர் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த பெட்டியைத் திறந்து பார்க்கும் குடும்பத்தினர் ஆகியோரை மனத்தில் வைத்தே இவ்வழிமுறைகளை எழுதுகிறேன்.

முதல் வேலை: வந்த வழியை எழுதி வைத்தல்

பொருளைத் துடைக்காதீர்கள். கிடைத்த நிலையிலேயே பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்து, நல்ல பகல் வெளிச்சத்தில் எல்லாப் பக்கங்களையும் படம் எடுங்கள். பிறகு ஒரு நோட்டில் அதன் எடை, நீளம், விட்டம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். விற்றவர் அல்லது தந்தவர் சொன்னதை அவர் சொன்ன சொற்களிலேயே எழுதுங்கள்; நீங்கள் கண்ணால் கண்டதைத் தனியாகவும், ஆவணத்தால் உறுதியானதை இன்னொரு பக்கத்திலும் எழுதுங்கள். இம்மூன்றையும் கலந்துவிட்டால், சில ஆண்டுகளில் கடைக்காரர் சொன்ன கதை உங்கள் வீட்டு வரலாறாகவே மாறிவிடும்.

செட்டிநாட்டு வீடுகளில் பர்மா, இலங்கை, மலாயா, சைகோன் என்று கடல் கடந்து வணிகம் செய்தவர்கள் கொண்டுவந்த பொருள்கள் ஏராளம். ஆப்பிரிக்கப் பொருள் ஒன்று அங்கே கிடைத்தால் அது நேரே ஆப்பிரிக்காவிலிருந்து வந்திருக்க வேண்டிய கட்டாயமில்லை; சிங்கப்பூரில் ஓர் ஐரோப்பியரின் ஏலத்தில் வாங்கியதாகவும் இருக்கலாம். ஆகவே அந்த வீட்டின் மூத்த ஆச்சியிடம் உட்கார்ந்து, பெட்டி யாருடையது, அவர் எந்த ஊரில் கடை வைத்திருந்தார், எந்தக் கப்பலில் திரும்பினார் என்று கேட்பதே முதல் ஆராய்ச்சி. பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் கப்பல் நிறுவனத்தின் சீட்டு, சுங்க முத்திரை, பழைய கடிதம், கணக்குப் பேரேடு ஆகியவற்றை எறிந்துவிடாதீர்கள். பொருளைவிட அவற்றின் மதிப்பே பல நேரங்களில் பெரிது.

மனில்லா வளையம்

மனில்லா என்பது முழு வட்டமாக மூடாமல், இரு முனைகளும் சற்றே விரிந்து, குதிரை லாடத்தைப் போல வளைந்த செம்பு, பித்தளை அல்லது வெண்கல வளையம். மேற்கு ஆப்பிரிக்கக் கரையில் அது பணமாகவே புழங்கியது. போர்த்துகீசியர் அதை ஆயிரக்கணக்கில் கொண்டுசென்றனர். 1548இல் ஜெர்மனியின் ஃபுக்கர் வணிகக் குடும்பம் போர்த்துகீசிய அரசுக்கு அதைச் செய்து தர ஒப்பந்தம் செய்துகொண்டது. 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இன்றைய நைஜீரியாவின் கலபார் பகுதியில் எட்டு, பத்து மனில்லாவுக்கு ஒரு மனிதரை வாங்க முடிந்தது என்பது பதிவாகியிருக்கிறது. பின்னாளில் பிரிஸ்டலும் பர்மிங்காமும் இதைச் செய்யும் இடங்களாயின. இன்றைய நைஜீரியாவில் இருந்த பெனின் பேரரசின் புகழ்பெற்ற வெண்கலச் சிற்பங்களின் உலோகத்தில் பெரும்பகுதி ஜெர்மனியின் ரைன் பகுதிச் சுரங்கங்களிலிருந்து மனில்லாக்களாக வந்து சேர்ந்தது என்று 2023இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது.

உண்மையான மனில்லா வளையம் என்பதாலேயே அது அடிமை வணிகக் காலத்தது என்று முடிவு கட்டிவிட முடியாது. பிரிட்டன் 1807இல் அடிமை வணிகத்தைத் தடைசெய்த பிறகும் பனையெண்ணெய் வணிகத்துக்காக மனில்லா செய்யப்பட்டது. நைஜீரியாவில் 1948-49இல் அரசு அதைப் புழக்கத்திலிருந்து நீக்கியபோது 3 கோடியே 20 லட்சத்துக்கும் மேற்பட்ட வளையங்கள் திரும்பப் பெறப்பட்டன. இன்று சந்தையில் கிடைப்பவற்றுள் மிகப்பெரும்பான்மை இந்தப் பிற்கால வகையே. அவை கைக்கு அடக்கமானவை, பெரும்பாலும் நூறு கிராமுக்குக் குறைந்த எடையுள்ளவை. 16ஆம் நூற்றாண்டின் போர்த்துகீசிய வகை அதைவிடக் கனமானது.

வளையத்தைக் கையில் எடுத்து உள்வளைவை லென்ஸால் பாருங்கள். அச்சில் வார்த்த பொருளில் இரு பாதி அச்சுகள் சேர்ந்த இடத்தில் மெல்லிய வரம்பு ஒன்று ஓடும். பழைய வளையத்தில் அந்த வரம்பு பல கைகள் பட்டுத் தேய்ந்து, தடவினால் மட்டுமே தெரிகிற அளவுக்கு மழுங்கியிருக்கும். புதிய போலியிலோ அரத்தால் ராவிய கோடுகள் ஒரே திசையில் கூராகத் தெரியும். களிம்பும் இவ்வாறே. பழைய களிம்பு உலோகத்தோடு ஒன்றிப் பழுப்பும் கரும்பச்சையுமாக இருக்கும். அமிலம் தடவி வரவழைத்த களிம்பு ஒரே பச்சையாக, நகத்தால் சுரண்டினால் பொடியாக உதிரும். தெற்கு ஆவணி மூல வீதி நகைக்கடைகளில் தங்கத்தின் மாற்றுப் பார்க்க வைத்திருக்கும் கேரட் மீட்டர், பொருளைச் சேதப்படுத்தாமல் செம்பு, துத்தநாகம் போன்றவை ஏறத்தாழ எவ்வளவு இருக்கின்றன என்று காட்டிவிடும். அது தங்கத்துக்காக அமைத்த கருவியாதலால் அதன் எண்களை இறுதியாகக் கொள்ளக் கூடாது. ஆனால் வெறும் இரும்பின் மேல் மெல்லிய பித்தளை முலாம் பூசிய ஏமாற்றைப் பிடிக்க அது உதவும்.

சோழியும் கண்ணாடி மணியும்

நம் வீடுகளில் பல்லாங்குழிக்கும் தாயத்துக்கும் வைத்திருக்கும் சிறு வெண்சோழி, ஆப்பிரிக்காவில் மனிதர்களை விலைக்கு வாங்கிய பணம். மாலத்தீவில் எடுத்த சோழி, வங்கத்திலும் இலங்கையிலும் இருந்து ஐரோப்பியக் கப்பல்களின் அடிப்பாரமாக ஆம்ஸ்டர்டாமுக்கும் லண்டனுக்கும் போய், அங்கே ஏலத்தில் விற்று, மீண்டும் கப்பலேறி மேற்கு ஆப்பிரிக்காவை அடைந்தது. டச்சுக்காரரும் ஆங்கிலேயரும் 18ஆம் நூற்றாண்டில் மட்டும் ஆயிரம் கோடிச் சோழிகளை அனுப்பியதாக ஆய்வாளர்கள் கணித்துள்ளனர். இந்தியப் பெருங்கடலின் செல்வம் எத்தனை தூரம் போய் எதற்குப் பயன்பட்டது என்பதை எண்ணினால், நம் கடற்கரையை இந்த வரலாற்றுக்கு அப்பாற்பட்டதாக நினைக்க முடியாது.

இரண்டு வகைச் சோழிகளைப் பிரித்தறியக் கற்றுக்கொள்ளுங்கள். மஞ்சள் கலந்த வெண்மையும் ஓரங்களில் புடைத்த முடிச்சுகளும் கோணலான வடிவமும் உள்ளது பணச்சோழி. முதுகில் பொன்னிறக் கோடு ஒன்று வளையமாக ஓடினால் அது வளையச்சோழி. இந்த இரண்டாம் வகை 1840களின் நடுப்பகுதிக்குப் பிறகே சான்சிபார் பக்கத்திலிருந்து பெருமளவில் மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போனது. அதனால் பணச்சோழியின் மதிப்பும் சரிந்தது. ஆகவே வளையச்சோழி மாலை ஒன்றை 17ஆம் நூற்றாண்டின் அடிமை வணிகப் பணம் என்று சொல்பவர் அறியாமல் சொல்கிறார், அல்லது அறிந்தே ஏமாற்றுகிறார். கயிற்றில் கோப்பதற்காக முதுகை உடைத்த சோழியானால் உடைந்த விளிம்பைத் தடவிப் பாருங்கள். நெடுங்காலம் புழங்கியிருந்தால் அது வழவழப்பாகத் தேய்ந்திருக்கும்.

ஆனாலும் தனிச்சோழி ஒன்று எதையும் நிரூபிக்காது. ராமேஸ்வரத்துக் கடைகளிலும் அதே சோழி கிடைக்கிறது. அது இருந்த பை, கோத்த நூல், கூடவே வந்த காகிதம் ஆகியவைதான் சாட்சி சொல்ல வேண்டும். காட்சியகத்துக்குச் சோழி வேண்டுமென்றால் புதிய சோழியையே வைத்து, "இவ்வகைச் சோழி பணமாகப் பயன்பட்டது" என்று நேர்மையாக எழுதிவிடலாம். மாணவர்களுக்கு அதுவே போதுமானது.

கண்ணாடி மணிகளில் குழப்பம் இன்னும் அதிகம். வெனிஸ் அருகிலுள்ள முரானோவில் 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் உருவான, நீலமும் வெள்ளையும் சிவப்பும் அடுக்கடுக்காய் நட்சத்திர வடிவில் தெரியும் மணி ஆப்பிரிக்க வணிகத்தில் மிகப் பழையது. ஆனால் அதே வடிவத்தை நம் நாட்டிலும் சீனாவிலும் இன்றும் செய்கிறார்கள். பூப்பூவாக வண்ணம் பதித்த வெனிஸ் மணிகளுள் இன்று கடைகளில் தொங்குபவை பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் செய்தவை, அதாவது அட்லாண்டிக் அடிமை வணிகம் முடிந்த பிறகு. துளையின் வாயில் தேய்மானம் உண்டா, துளைக்குள் பழைய அழுக்குப் படிந்துள்ளதா, மணிகள் ஒன்றோடொன்று உரசிய தட்டையான முகங்கள் தெரிகின்றனவா என்று பாருங்கள். சிவப்புச் சூதுபவள மணிகளில் தனிக் கவனம் வேண்டும். குஜராத்தின் கம்பாத்திலிருந்து அவை ஆப்பிரிக்காவுக்குப் போனது உண்மை. ஆனால் கீழடியிலும் சூதுபவள மணி கிடைத்திருக்கிறது. வைகைக் கரையில் கிடைத்த மணிக்கு ஆப்பிரிக்கக் கதை கட்டினால் இரு வரலாறுகளும் கெடும்.

விலங்கும் தகடும்

எனக்கு மிகுந்த வருத்தம் தருவது இந்தப் பொருள்களின் சந்தை. கால்விலங்கு, கழுத்து வளையம், சங்கிலி ஆகியவற்றுக்கு இருக்கும் கொடூரக் கவர்ச்சியால் விலை ஏறுகிறது. விலை ஏறுவதால் போலிகள் பெருகுகின்றன.

ஐயமற்ற எடுத்துக்காட்டு ஒன்றை முதலில் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஹென்றியட்டா மேரி என்ற ஆங்கில அடிமைக் கப்பல் 1700இல் ஃப்ளோரிடாவின் தெற்கே மூழ்கியது. 1972இல் அது கண்டறியப்பட்டது. அதிலிருந்து எடுத்த ஏராளமான விலங்குகளில் ஒரு நேர்க்கம்பியும் அதில் கோத்த இரண்டு லாட வடிவ வளையங்களும் இருக்கின்றன. அவற்றுள் சிறியவர்களின் கணுக்காலுக்கே பொருந்தும் அளவுள்ளவையும் உண்டு. கப்பலின் பெயரும் 1699 என்ற ஆண்டும் பொறித்த மணியும் அங்கே கிடைத்ததால்தான் அந்த இரும்புக்கு அத்தனை உறுதி. அத்தகைய சூழல் இல்லாத ஓர் இரும்பு வளையம் எதுவாகவும் இருக்கலாம்.

நம் பக்கத்துப் பழைய இரும்புக் கடைகளில் கிடைக்கும் விலங்கு பெரும்பாலும் ஆங்கிலேயர் காலச் சிறையின் கால்விலங்காகவோ, மாட்டுக்கும் குதிரைக்கும் இட்ட கால்கட்டாகவோ, யானைச் சங்கிலியின் துண்டாகவோ இருக்கும். கொல்லுப்பட்டறையில் அடித்த இரும்பில் சுத்தியல் தடங்கள் ஒழுங்கின்றி இருக்கும், கனமும் இடத்துக்கு இடம் மாறும். வெல்டிங் வைத்த தடமோ கிரைண்டர் ஓட்டிய வட்டக் கோடுகளோ தெரிந்தால் அது அண்மைக்காலப் பொருள். உப்பும் அமிலமும் போட்டு வரவழைத்த துரு எங்கும் ஒரே செம்மஞ்சளாக இருக்கும். பழைய துரு கருமை கலந்து அடுக்கடுக்காய்ப் பெயரும். துருவை அறிவியல் முறையில் ஆராய வேண்டிய அளவுக்கு முக்கியமான பொருள் என்றால், உலோக அரிப்பு ஆய்வுக்குப் பெயர்பெற்ற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் காரைக்குடியிலேயே இருக்கிறது என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

அமெரிக்காவின் சார்ல்ஸ்டன் நகரில், கூலிக்கு விடப்பட்ட அடிமை மக்கள் அணிய வேண்டியிருந்த செம்புத் தகடுகளில் நகரின் பெயர், தொழில், எண், ஆண்டு ஆகியவை இருக்கும். பித்தளையில், தோட்டத்தின் பெயரும் அடிமை என்ற சொல்லும் பெரிய எழுத்தில் பொறித்து வருபவை போலி என்றே கொள்க.

தாள், பதக்கம், துணி

எதிர்ப்பின் பொருள்களும் இந்த வரலாற்றைச் சேர்ந்தவையே. மண்டியிட்ட ஆப்பிரிக்கர் ஒருவர், "நானும் மனிதன் அல்லவா, சகோதரன் அல்லவா" என்று கேட்கும் பதக்கம், இங்கிலாந்தின் வெட்ஜ்வுட் பீங்கான் தொழிலகத்தில் செய்யப்பட்டு 1787இல் வெளிவந்தது. அதே உருவம் செப்பு வில்லைகளிலும் பதிந்து பரவியது. 1820களில் இங்கிலாந்தில் செய்த சில சர்க்கரைக் கிண்ணங்களில், கிழக்கிந்தியச் சர்க்கரை அடிமைகளால் செய்யப்படாதது என்று எழுதியிருக்கும். ஆனால் பிரிட்டனின் 1833 அடிமை ஒழிப்புச் சட்டம் கம்பெனி ஆண்ட இந்தியாவுக்குப் பொருந்தவில்லை. இங்கே 1843ஆம் ஆண்டின் 5ஆம் சட்டம் வரும்வரை காத்திருக்க நேர்ந்தது. அத்தகைய கிண்ணத்தைக் காட்சிக்கு வைப்பவர் இவ்விரண்டையும் சேர்த்தே எழுத வேண்டும்.

புரூக்ஸ் என்ற கப்பலில் மனிதர்களை வரிசை வரிசையாக அடுக்கிக் காட்டும் 1788-89 படம் பலமுறை மறு அச்சாகியிருக்கிறது. மதுரையில் அமெரிக்கன் மிஷன் 1834 முதல் பணிபுரிந்ததால் பழைய அமெரிக்க இதழ்களும் தாள்களும் இங்கே பழைய புத்தகக் கடைகளுக்கு வருவது வியப்பன்று. தாளை லென்ஸால் பாருங்கள். படம் நுண்புள்ளிகளாகப் பிரிந்தால் அது பிற்கால இயந்திர அச்சு. வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் கைக்காகிதத்தில் இணைகோடுகளும் நீர்க்குறியும் தெரியும். தாளில் கப்பல் பெயர் இருந்தால், ஏறத்தாழ 36,000 அடிமைக் கப்பல் பயணங்களைப் பதிவுசெய்துள்ள இணையத் தரவுத்தளத்தில் கட்டணமின்றித் தேடலாம்.

துணியே நமக்கு மிக நெருக்கமானது. சோழமண்டலக் கரையில் நெய்து அவுரி நீலம் தோய்த்த பருத்தித் துணி கினியாத் துணி என்ற பெயரில் மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போனது. 18ஆம் நூற்றாண்டில் அங்கே இறங்கிய ஐரோப்பியச் சரக்கில் துணிக்கே பெரும்பங்கு. அதில் இந்தியத் துணி முக்கியமானது. ஆனால் 19ஆம் நூற்றாண்டில் புதுச்சேரி ஆலைகள் இதே துணியைச் செனகலின் பிசின் வணிகத்துக்காகவும் நெய்தன. எனவே வணிக முத்திரையோ பட்டியலோ இல்லாத நீலத் துணிக்கு ஆண்டு குறிக்காதீர்கள்.

அதே கரையிலிருந்து மனிதர்களும் ஏற்றப்பட்டனர். 1659 முதல் 1661 வரை தஞ்சைப் பகுதியில் போரும் பஞ்சமும் நிலவியபோது டச்சுக்காரர்கள் ஆயிரக்கணக்கான தமிழரை அடிமைகளாக வாங்கிக் கடல் கடத்தினர். வீட்டுப் பரணில் அடிமை விற்பனை ஓலை கிடைத்தால் அது இந்த நிலத்தின் வரலாறு. அதற்குத் தனிக் கோப்பு வையுங்கள்.

சட்டம்

1972ஆம் ஆண்டின் தொல்பொருள்கள் மற்றும் கலைக் கருவூலங்கள் சட்டப்படி நூறாண்டு கடந்த பொருளும், எழுபத்தைந்து ஆண்டு கடந்த முக்கியச் சுவடியும் தொல்பொருள். அவற்றை விற்பனை செய்பவருக்கு உரிமம் வேண்டும். ரசீது இல்லாமல் வாங்காதீர்கள். தனியார் வெளிநாட்டுக்கு அனுப்புவது குற்றம். ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. அறிவிக்கப்பட்ட வகைகளான சிற்பம், ஓவியம், சுவடி ஆகியவற்றைப் பதிவுசெய்ய வேண்டும். வயல் தோண்டும்போது மண்ணுக்குள் கிடைத்த புதையல் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புடையதானால் 1878ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். யானைத் தந்தமும் ஆமை ஓடும் அடிமை வணிகத்தோடு பின்னிப் பிணைந்தவை என்றாலும் அவற்றை வாங்கவோ விற்கவோ கூடாது. ஆப்பிரிக்கத் தந்தத்துக்கும் தடை உண்டு.

காப்பு

புளி, எலுமிச்சை, சாம்பல், பாலிஷ் திரவம் எதுவும் வேண்டாம். குத்துவிளக்கைத் துலக்கும் பழக்கத்தில் மனில்லாவைத் துலக்கினால் ஒரே காலையில் அதன் வயதுக்கான சான்று போய்விடும். மென்மையான தூரிகையால் தூசியை மட்டும் நீக்குங்கள். செம்புப் பொருளில் வெளிர்பச்சைப் பொடி தானாகப் பூத்தால் அதைப் பிற பொருள்களிலிருந்து பிரித்து, சிலிக்கா ஜெல் பையோடு மூடிய பிளாஸ்டிக் டப்பாவில் வைத்து, வல்லுநரிடம் காட்டுங்கள். சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் வேதியியல் பாதுகாப்பு ஆய்வகம் இருக்கிறது. ஈயம் கலந்த மனில்லாவைப் புது மரப் பெட்டியில் அடைக்காதீர்கள், மரத்தின் ஆவி ஈயத்தை அரிக்கும். தொட்ட பின் கையைக் கழுவுங்கள். மதுரையின் கோடையைவிட ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் ஈரமே இரும்புக்குப் பகை. துணியை மடிக்காமல், கஞ்சி போக அலசிய காடாத்துணியோடு சேர்த்துக் குழலில் சுற்றுங்கள். அந்து உருண்டை துணியைத் தொடக் கூடாது.

காட்சிக்கு வைத்தால் விலங்கை யார் கையிலும் மாட்டிப் பார்க்க விடாதீர்கள், அதோடு படம் எடுக்கவும் விடாதீர்கள். விளக்கச் சீட்டில் பொருள் எது, எவ்வளவு உறுதி, எங்கிருந்து வந்தது என்பதை எழுதி, உறுதியில்லாத இடத்தில் அப்படியே சொல்லிவிடுங்கள். வீட்டில் வைக்க மனமில்லையென்றால், காந்தி நினைவு அருங்காட்சியக வளாகத்திலுள்ள மதுரை அரசு அருங்காட்சியகத்தில் காப்பாட்சியரைச் சந்தித்துக் கேளுங்கள். ஒப்படைக்கும்போது உங்கள் நோட்டின் நகலையும் படங்களையும் சேர்த்துக் கொடுத்து, எழுத்து மூலமான ஒப்புகை பெற்று, அதன் ஒரு படியை உங்கள் பிள்ளைகளிடமும் கொடுத்து வையுங்கள்.